முதல் பந்தி யாருக்கு?

(ஜூபிலி ஆண்டையொட்டி நம் பங்கில் நடைபெற்ற தாய்மார் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை. கேட்டவர்கள் விரும்பியபடி எழுத்தாக்கி இம்மலரில் சேர்க்கப்படுகிறது.)

அன்பார்ந்த தாய்மார்களே, சகோதரிகளே, உள்ளே வரலாமா வேண்டாமா என்று கதவோரம் நின்றுகொண்டிருக்கும் ஆண்மக்களே,

கலியாணம் காட்சி இல்லாத ஒரு சாமியார், கர்ப்பவதிகளின் சாப்பாட்டைப் பற்றியும் உடல் எடையைப் பற்றியும் பேச வந்துவிட்டாரே என்று உங்களில் சிலர் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பது எனக்குத் தெரிகிறது. தாராளமாகச் சிரியுங்கள். குருமடத்தில் தத்துவம் படித்தேன், இறையியல் படித்தேன். பிள்ளைத்தாய்ச்சிக்கு என்ன கொடுக்க வேண்டும் என்று ஒரு வகுப்பும் அங்கே நடக்கவில்லை. ஆகவே இன்று நான் சொல்லப்போகும் மருத்துவச் செய்திகளைப் பல நாள் படித்து, ஒரு செவிலியரிடம் வாசித்துக் காட்டி, அவர் தலையாட்டிய பிறகே கொண்டுவந்திருக்கிறேன். ஆனால் இந்த விஷயத்தைப் பேசியே தீருவது என்று நான் முடிவு செய்ததற்குக் காரணம் படிப்பு அல்ல, நான் செய்த ஒரு பிழை. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். வழக்கமாக நீங்கள்தான் என்னிடம் பாவசங்கீர்த்தனம் செய்வீர்கள். இன்றைக்கு நான் உங்களிடம் செய்கிறேன்.

இங்கு வருவதற்கு முன் வேறொரு பங்கில் இருந்தேன். ஒரு ஞாயிறு திருப்பலி முடிந்து வாசலில் நின்று எல்லாருக்கும் வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆறு மாதக் கர்ப்பவதியான ஓர் இளம்பெண் கணவனோடு வந்தாள். நான் மந்திரித்து வைத்த கலியாணம். உரிமையோடு, "என்ன கண்ணு, ஆளே உருண்டு திரண்டு போயிட்டே, ரெட்டைப் புள்ளையா?" என்று கேட்டேன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். நான் அதை அன்றே மறந்துவிட்டேன்.

சில மாதங்கள் கழித்து, ஞானஸ்நானத்துக்கு நாள் குறிக்க அவளுடைய தாயார் வந்தார். குழந்தை பிறக்கும்போது இரண்டு கிலோ நூறு கிராம்தான் இருந்தது, பல நாள் ஆஸ்பத்திரியிலேயே வைத்திருந்தார்கள் என்றார். பேச்சோடு பேச்சாக, "அன்னைக்கிருந்து ராத்திரிச் சோறே வேண்டாம்னுட்டாளுங்க சாமி. ஒரு டம்ளர் சுடுதண்ணிதான். கேட்டா, 'ஃபாதரே சொல்லிப்போட்டாரு, இன்னும் தின்னு ஊதோணுமா'ங்கிறா" என்று சொல்லிவிட்டு, என்னைக் குறை சொல்கிறோம் என்ற நினைப்பே இல்லாமல் ஞானத்தாய் யார் என்ற பேச்சுக்குப் போய்விட்டார்.

குழந்தை சிறுத்ததற்கு என் வாய்தான் காரணம் என்று எந்த வைத்தியரும் சொல்லவில்லை. குழந்தை எடை குறைந்து பிறக்கப் பல காரணங்கள் உண்டு. அந்தப் பிள்ளை இப்போது நன்றாக ஓடியாடி விளையாடுகிறது, ஆண்டவருக்கு நன்றி. ஆனாலும் அன்றிலிருந்து கோயில் வாசலில் எந்தப் பெண்ணின் உடம்பைப் பற்றியும் நான் ஒரு வார்த்தை பேசுவதில்லை. மெலிந்துவிட்டாய் என்றுகூடச் சொல்வதில்லை.

நம் பெண்களுக்கு இந்தக் காலத்தில் ஒரு பயம் வந்திருக்கிறது. கைப்பேசியில் நடிகைகள் பிள்ளை பெற்ற மறுமாதமே கொடிபோல நிற்கும் படங்கள் வருகின்றன. திருப்பூர்க் கம்பெனிக்குப் போகும் பெண்ணை, உடன் வேலை செய்பவள் கேலி செய்கிறாள். வளைகாப்புப் படத்தைப் பார்த்துவிட்டு நாத்தனார் ஒன்று சொல்கிறாள். எடை ஏறுவதே ஒரு குற்றம் போல ஆகிவிட்டது. ஆனால் இதற்கு முன்பும் நம் ஊரில் ஒரு பயம் இருந்தது. அது வேறு மாதிரியான பயம். அதை நான் என் வீட்டிலேயே பார்த்தேன்.

எங்கள் வீடு தறிக்காரர் வீடு. இந்தச் சென்னிமலை வட்டாரத்தில் தறிச்சத்தம் கேட்காமல் தூங்கிய தலைமுறை அல்லவா நாமெல்லாம்! அப்பா தறிக்குழியில் காலை விட்டு உட்கார்ந்தால், அம்மா திண்ணையில் இராட்டை வைத்துத் தார் சுற்றிக்கொண்டிருப்பார். அதற்கு நடுவே சமையல், தண்ணீர், ஆடு, பிள்ளைகள். 1977இல் என் தங்கை வயிற்றில் இருந்தாள். எனக்கு ஏழு வயது. இராத்திரி முதலில் அப்பாவும் அப்பத்தாவும் உண்பார்கள், பிறகு நாங்கள். கடைசியில் அம்மா. சட்டியை வழித்து, அடியில் தங்கிய பருப்புத் தண்ணீரை ஊற்றிப் பிசைந்து, ஒரு பச்சை மிளகாயைக் கடித்துக்கொள்வார். இன்னும் கொஞ்சம் ஆக்கியிருக்கலாமே என்று யாரும் சொல்லவில்லை. அப்பத்தாவோ, "அரை வயிறு உண்டாப் போதும். வயித்துல புள்ளைக்கு எடம் வேணுமல்ல? தலை பெருத்துப் போச்சுன்னா வெளிய வராது, ஆமா" என்பார்.

என் அப்பத்தா கொடுமைக்காரி அல்ல. அவர் வாழ்ந்த காலத்தில் மூன்று நாள் வலி எடுத்துப் பிள்ளை வராமல் செத்துப்போன பெண்களைக் கண்ணால் பார்த்தவர். வயிற்றைக் கிழித்துப் பிள்ளையை எடுக்கும் வசதி கூப்பிடு தூரத்தில் இல்லாத காலம் அது. சின்னப் பிள்ளை என்றால் தாய் பிழைப்பாள் என்று அந்தக் கிழவிகள் கணக்குப் போட்டார்கள். அந்தப் பயத்தை நான் பரிகசிக்க மாட்டேன். ஆனால் கணக்குத் தப்பு. தாய் பட்டினி கிடந்தால் பிள்ளை சிறுப்பதற்கு முன் தாய் இளைத்து, இரத்தம் வற்றிப் போகிறாள். இரத்தம் வற்றியவளுக்குப் பேறுகாலத்தில் கொஞ்சம் உதிரம் கூடுதலாகப் போனாலே உயிருக்கு ஆபத்து. அம்மா அந்த மாதங்களில் வெளுத்துப்போய், நாலு படி ஏறினால் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிடுவார். தங்கை பிறந்தபோது முறத்தில் பழஞ்சேலை விரித்து அதில் படுக்க வைத்தார்கள். முறத்தில் பாதி இடம் மிச்சமிருந்தது. அது என் கண்ணை விட்டுப் போகவில்லை.

நம் பேச்சு வழக்கும் இதில் நம்மை ஏமாற்றிவிடுகிறது. 'வயிற்றில் பிள்ளை' என்கிறோம், 'வயிறாரச் சாப்பிடு' என்றும் சொல்கிறோம். இரண்டும் ஒரே வயிறு என்று நினைத்துக்கொள்கிறோம். சோறு போகும் இரைப்பை வேறு, பிள்ளை வளரும் கருப்பை வேறு. ஒன்று நிறைந்தால் மற்றதில் இடம் குறையாது. கடைசி மாதங்களில் கருப்பை மேலே வந்து இரைப்பையை அழுத்துவதால் ஒரே வேளையில் நிறையச் சாப்பிட முடியாது என்பது உண்மைதான். அதற்கு வழி, மூன்று வேளையை ஐந்து வேளையாகப் பிரித்துக்கொள்வது.

சரி, ஏறுகிற எடை என்பது என்ன? தறிக்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். நூல் மூட்டை வந்தால் மொத்த எடையை நூல் என்று எழுதிக்கொள்கிறோமா? சாக்குக்கு இவ்வளவு, அட்டைக்கோனுக்கு இவ்வளவு என்று கழித்துத்தானே எழுதுகிறோம்? அதேபோல் ஒரு தாய்க்கு ஒன்பது மாதத்தில் பதினோரு கிலோ கூடியது என்று வையுங்கள். அதில் குழந்தை மூன்று கிலோ. நஞ்சுக்கொடி அரை கிலோவுக்குச் சற்று மேல். பனிக்குட நீர் முக்கால் கிலோ. கருப்பை தான் வளர்ந்து கூட்டிக்கொண்டது ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவு. பால் கட்ட ஆயத்தமாகும் மார்பில் கொஞ்சம். தாயின் உடம்பில் புதிதாய் ஊறிய இரத்தம் ஒன்றரை கிலோவுக்கு நெருக்கம். உடம்பில் தங்கும் நீரும் ஏறத்தாழ அவ்வளவு. மிஞ்சியது மூன்று கிலோ அளவுக்குக் கொழுப்பு. அந்தக் கொழுப்பும் வீண் அல்ல. பிள்ளைக்குப் பால் கொடுக்கும் மாதங்களில் எடுத்துச் செலவழிக்க உடம்பு முன்கூட்டியே போட்டு வைக்கும் சேமிப்பு. நான் கேலி செய்த அந்தப் பெண் சுமந்துகொண்டிருந்தது இதைத்தான்.

எவ்வளவு ஏறலாம் என்று கேட்பீர்கள். ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தார், சாதாரண உடல்வாகுள்ள நம் நாட்டுப் பெண்ணுக்குப் பத்து முதல் பன்னிரண்டு கிலோ என்று சொல்கிறார்கள். ஆனால் எல்லாருக்கும் ஒரே அளவு அல்ல. அமெரிக்க மருத்துவக் கழகம் 2009இல் வெளியிட்ட அளவுகளை உலகமெங்கும் எடுத்துக்காட்டுகிறார்கள். அதன்படி, கர்ப்பமாகும் முன்பே மெலிந்திருந்தவளுக்குப் பன்னிரண்டரை கிலோவுக்குக் குறையாமல் ஏற வேண்டும். முன்பே பருமனாக இருந்தவளுக்கு ஏழு முதல் பதினொன்றரை வரை போதும். மிகவும் பருமனானவளுக்கு ஐந்து முதல் ஒன்பது. ஐந்தடிக்குச் சற்றுக் குறைவாக, ஒன்றரை மீட்டர் உயரம் உள்ள பெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். கலியாணத்தின்போது நாற்பது கிலோ என்றால் அவள் மெலிந்தவள். நாற்பத்தைந்து என்றால் சரியான எடை. அறுபது என்றால் பருமன். நம் குடும்பங்களில் நடப்பது தலைகீழ். மெலிந்தவளுக்குக் கொஞ்சம் ஏறினால், "அடேயப்பா, போதும்" என்கிறோம். பருமனானவளை, "ரெண்டு உசுரு கண்ணு, ரெண்டு பேருக்குத் தின்னு" என்று விரட்டுகிறோம்.

முதல் மூன்று மாதம் மசக்கையில் எடை ஏறாமல் இருக்கலாம், ஒரு கிலோ இறங்கக்கூடச் செய்யலாம். அதற்காக அழ வேண்டாம். ஆனால் தண்ணீர்கூடத் தங்காமல் வாந்தி எடுத்தால் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பிற்பாதியில் மாதம் ஒன்றரை, இரண்டு கிலோ ஏறுவது இயல்பு. திடீரென்று ஒரே வாரத்தில் ஒரு கிலோவுக்கு மேல் ஏறி, முகமும் கையும் வீங்கி, தலைவலி, கண் மங்கல் என்று வந்தால் அது சாப்பாட்டால் வந்ததல்ல, இரத்தக்கொதிப்பாக இருக்கலாம். மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு இரவுகூடத் தள்ளிப்போடாதீர்கள். எடைப்பொறியும் இரத்த அழுத்தக் கருவியும் இதைக் கண்டுபிடிக்கத்தான் இருக்கின்றன. நம்மை அவமானப்படுத்த அல்ல.

இனி ஒரு கதை. கதை என்றாலும் நடந்தது. நெசவோடு சம்பந்தப்பட்டது, நம் நீலகிரியோடும் சம்பந்தப்பட்டது.

லூசி வில்ஸ் என்று ஓர் ஆங்கிலேயப் பெண் மருத்துவர். 1888இல் பிறந்தவர். 1928இல் அவரைப் பம்பாய்க்கு வரவழைத்தார்கள். அங்கே நெசவாலைகளில் வேலை செய்யும் ஏழைப் பெண்கள் கர்ப்பமான காலத்தில் இரத்தம் சுண்டி, வெளுத்துப் போய், பலர் இறந்துகொண்டிருந்தார்கள். கிருமியால் வருகிறதா என்று தேடினார், கிருமி அகப்படவில்லை. அப்புறம் அந்தப் பெண்கள் எப்படி வாழ்கிறார்கள், என்ன சாப்பிடுகிறார்கள் என்று ஆராய்ந்தார். காயும் கீரையும் பழமும் புரதமும் இல்லாத சாப்பாடு. அதே சாப்பாட்டை விலங்குகளுக்குக் கொடுத்துப் பார்த்தார், அவையும் வெளுத்தன. 1929இல் சில மாதங்கள் குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் தங்கி ஆராய்ந்தார். மெக்காரிசன் என்னும் மருத்துவர் 1918இல் தொடங்கிய ஊட்டச்சத்து ஆராய்ச்சி குன்னூரில்தான் நடந்துவந்தது. அதுவே 1958இல் ஐதராபாத்துக்குப் பெயர்ந்து, சற்று முன் நான் சொன்ன தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆயிற்று. 1931இல் அம்மையார் சென்னைக்கும் வந்து, இப்போது கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை என்று திருவல்லிக்கேணியில் இருக்கிறதே, அந்தக் கோஷா ஆஸ்பத்திரியில் வேலை செய்தார்.

அவர் கண்ட மருந்து என்ன தெரியுமா? ஈஸ்டிலிருந்து செய்யும் மார்மைட் என்ற மலிவான ஒரு கறுப்புக் குழம்பு. ரொட்டியில் தடவித் தின்பது. அதைக் கொடுத்ததும் சாகக் கிடந்த பெண்களுக்கு இரத்தம் ஊறியது. 1931இல் அதைப் பிரசுரித்தார். அதில் இருந்த சத்து எது என்று அப்போது யாருக்கும் தெரியாது. 'வில்ஸ் காரணி' என்று அவர் பெயராலேயே சொன்னார்கள். 1941இல் விஞ்ஞானிகள் அந்தச் சத்தைக் கீரையிலிருந்து பிரித்தெடுத்தார்கள். இலையில் கிடைத்ததால் ஃபோலிக் அமிலம் என்று பெயர் வைத்தார்கள். ஃபோலியும் என்றால் இலத்தீன் மொழியில் இலை. குருமடத்தில் நான் கஷ்டப்பட்டு உருப்போட்ட இலத்தீன் இத்தனை வருஷம் கழித்து ஆரம்ப சுகாதார நிலையத்து மாத்திரை அட்டையில் வந்து நிற்கும் என்று நான் கண்டேனா!

இன்று அங்கே நாலாம் மாதம் முதல் 180 நாளைக்கு உங்களுக்குக் கொடுக்கிற மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கின்றன. பிள்ளை பெற்ற பிறகும் இன்னொரு 180 நாளைக்கு உண்டு. பம்பாய்த் தறிக்காரிகளின் உயிரைக் கொடுத்துக் கற்ற பாடம் அந்த மாத்திரைக்குள் இருக்கிறது. அதை வாங்கி, பூஜாடிக்குப் பின்னால் ஒளித்து வைக்கும் பெண்கள் நம் ஊரிலும் இருக்கிறார்கள். "மலம் கறுப்பாப் போகுதுங்க" என்கிறார்கள். போகட்டும், அது இரும்பின் நிறம். "குமட்டுதுங்க" என்கிறார்கள். அப்படியானால் இரவு சாப்பாட்டுக்குப் பின் போட்டுக்கொள்ளுங்கள். டீயோடும் காப்பியோடும் சேர்த்துப் போட வேண்டாம், இரும்பு உடம்பில் ஒட்டாது. சுண்ணாம்புச் சத்து மாத்திரையையும் இதையும் வேறு வேறு நேரத்தில் போடுங்கள். ஒரு நெல்லிக்காயோ எலுமிச்சைச் சாறோ சேர்ந்தால் நல்லது. சாம்பல், செங்கல் தூள், பச்சரிசி தின்ன ஆசை வருகிறவர்கள் வெட்கப்பட்டு மறைக்காமல் செவிலியரிடம் சொல்லுங்கள். இரத்தக்குறைவு உள்ளவர்களுக்கு அந்த ஆசை வருவதுண்டு. புதிதாய்க் கலியாணமான பெண்களுக்கு ஒரு வார்த்தை. பிள்ளையின் முதுகுத்தண்டும் மூளையும் உருவாவது, கர்ப்பம் என்று தெரிவதற்கு முன்பே, முதல் மாதத்திலேயே. ஆகவே ஃபோலிக் அமிலம் கர்ப்பம் தரிக்கும் முன்பே தொடங்க வேண்டியது. மருத்துவரைக் கேளுங்கள்.

மாத்திரை ஒருபுறம் இருக்கட்டும். நம் அடுப்படியில் என்ன குறைச்சல்? கொங்குநாட்டு மண் பொன் விளையும் மண் என்று பெருமை பேசுகிறோம். ராகிக் களி, கம்மஞ்சோறு, தட்டைப்பயறு, பச்சைப்பயறு, கொள்ளு, அவரை, நிலக்கடலை, வேலியோரம் நிற்கும் முருங்கை. நூறு கிராம் ராகியில் 340 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. வெள்ளை அரிசியில் அதில் சிறு பங்குகூட இல்லை. இதையெல்லாம் ஏழைச் சாப்பாடு என்று தள்ளிவிட்டு, மூன்று வேளையும் அரிசியும், நடுவில் பேக்கரிப் பன்னும், கம்பெனி வாசலில் டீயும் என்று மாறிவிட்டோம். புனேக்கு அருகே கிராமத்துக் கர்ப்பிணிகள் சுமார் 800 பேரைத் தொடர்ந்து கவனித்து 2001இல் ஓர் ஆராய்ச்சி முடிவை வெளியிட்டார்கள். பாலும் கீரையும் பழமும் அடிக்கடி சாப்பிட்ட தாய்மாருக்குப் பிறந்த குழந்தைகள் மற்றக் குழந்தைகளைவிடப் பெரிதாக இருந்தன. சோற்றின் அளவைவிடச் சோற்றோடு என்ன சேர்ந்தது என்பதே அங்கே வித்தியாசம் காட்டியது.

இரண்டு பேருக்குச் சாப்பிடு என்கிறார்களே, அந்தக் கூடுதல் எவ்வளவு என்று பார்த்தால் சிரிப்பு வரும். ஒரு நாளைக்கு 350 கலோரி. ஒரு டம்ளர் பால், இரண்டு இட்லி, ஒரு வாழைப்பழம், அவ்வளவுதான். அதற்குமேல் லட்டும் முறுக்கும் சர்க்கரை போட்ட பானமும் சேர்ந்தால் எடை வேண்டாத வழியில் ஏறும். நம்மவர்களுக்குக் கர்ப்பகாலச் சர்க்கரை வியாதி வரும் வாய்ப்பு அதிகம். சென்னை மருத்துவர் சேஷய்யா போன்றவர்கள் பல ஆண்டு வாதாடியதன் பலனாகத் தமிழ்நாட்டு அரசு 2007இல் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இந்தச் சோதனையைச் செய்ய உத்தரவிட்டது. 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் குடித்து, இரண்டு மணி நேரம் கழித்து இரத்தம் எடுப்பார்கள். 140க்கு மேல் இருந்தால் கவனிக்க வேண்டும். வெறும் வயிற்றில் வர வேண்டும் என்பதுகூட இல்லை. சர்க்கரை என்று தெரிந்தவுடன் பட்டினி கிடக்கும் பெண்களையும் பார்க்கிறேன். அதுவும் தப்பு. சாப்பாட்டைக் குறைப்பதல்ல, மாற்றுவதுதான் வைத்தியம். சோறு கொஞ்சம் குறைய, பயறும் காயும் முட்டையும் கொஞ்சம் கூட, சாப்பிட்டபின் நடை.

பத்தியம் என்று நாம் தள்ளி வைப்பவைகளைப் பற்றி ஒரு சொல். பழுத்த பப்பாளியால் கரு கலையாது. பால் வடியும் காயைத்தான் தவிர்க்கச் சொல்கிறார்கள். சமையலில் சேரும் எள்ளாலும் கேடு இல்லை. குங்குமப்பூ போட்டுப் பால் குடித்தால் பிள்ளை சிவப்பாகப் பிறக்கும் என்பதற்கு ஆதாரமே கிடையாது. கறுப்பாய்ப் பிறந்தால் என்ன? உங்கள் பங்குச்சாமியாரும் கறுப்புத்தான். அந்தப் பணத்தில் எத்தனை நாளைக்கு முட்டை வாங்கலாம் என்று கணக்குப் போடுங்கள்.

இப்போது என் சொந்த இலாகாவுக்கு வருகிறேன். தவக்காலத்தில் ஒருசந்தி பிடிக்கும் கர்ப்பவதிகள் உண்டு. ஏழாம் மாதத்தில் நாற்பது நாளும் ஒரு வேளை மட்டும் உண்டு, நேர்ச்சை என்று சொன்ன ஒரு பெண்ணை எனக்குத் தெரியும். கேளுங்கள்: கர்ப்பவதிகளையும் பாலூட்டும் தாய்மாரையும் ஒருசந்திக் கடமை கட்டுப்படுத்தாது. இது இன்றைக்கு நான் தருகிற சலுகை அல்ல. ஒழுக்க இறையியலில் எங்களுக்குச் சொல்லித்தந்த பழைய பாடம். திருநீற்றுப் புதனும் பெரிய வெள்ளியும் இதில் அடக்கம். நேர்ச்சை செய்துவிட்டோமே என்று மனம் உறுத்தினால் என்னிடம் வாருங்கள், மாற்றித் தருகிறேன். வயிற்றில் உள்ள பிள்ளை நேர்ச்சை எதுவும் செய்யவில்லை.

கடைசியாக ஆண்களுக்கும் மாமியார்மாருக்கும். எங்கே, கதவோரம் நிற்பவர்கள் கொஞ்சம் உள்ளே வாருங்கள். முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் பெயரில் 1987இல் தொடங்கிய மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில், 2018 முதல் பணத்தோடு ஊட்டச்சத்துப் பெட்டகமும் சேர்த்துக் கொடுக்கத் தொடங்கினார்கள். சத்துமாவு, பேரீச்சம்பழம், ஆவின் நெய், இரும்புச் சத்து டானிக் என்று வைத்திருப்பார்கள். அந்தப் பேரீச்சம்பழத்தை யார் தின்கிறார்கள்? வீடு சந்திக்கப் போகும் இடத்தில் எனக்கே ஒரு தட்டில் வைத்து நீட்டினார்கள்! அந்த மருமகள் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். நான் தட்டைத் தள்ளி, "அம்மிணி, நீ வந்து உட்கார்ந்து தின்னு, நான் பார்க்கோணும்" என்றேன். மாமியாருக்கு முகம் சுருங்கியது. பிறகு அவரே, "எங்க காலத்துல எங்களுக்கு யாருங்க சாமி குடுத்தாங்க" என்றார். எனக்குச் சட்டென்று என் அம்மாவின் சட்டி நினைவுக்கு வந்தது. பதில் சொல்ல வரவில்லை.

ஏழாம் மாதத்திலோ ஒன்பதாம் மாதத்திலோ கட்டுச்சோறு விருந்து வைக்கிறோம். பிறந்த வீட்டார் பலவகைச் சாதம் கட்டிக்கொண்டு வருகிறார்கள். அழகான வழக்கம், நம் முன்னோர்கள் ஒன்றும் அறியாதவர்கள் அல்ல. அன்று ஒரு நாள் அவளை மணையில் உட்கார வைத்து முதலில் பரிமாறுகிறோம். மறுநாளே அவள் அடுப்படிக்குப் போய், கடைசி ஆளாய்ச் சட்டியை வழிக்கிறாள். அன்னை மரியா மலைநாட்டுக்கு விரைந்து போய், ஆறாம் மாதத்தில் இருந்த எலிசபெத்தம்மாளோடு ஏறத்தாழ மூன்று மாதம் தங்கினார் என்று வாசிக்கிறோம். அங்கே சமைத்தாரா, தண்ணீர் சுமந்தாரா என்று நற்செய்தியில் எழுதவில்லை. ஒரு பெண் அப்படிப்பட்ட வீட்டில் மூன்று மாதம் சும்மா உட்கார்ந்திருப்பாளா? நான் நம்பமாட்டேன்.

பேசியது போதும். பசி வந்திருக்கும். மண்டபத்தில் சாப்பாடு தயார். அரிசிம்பருப்புச் சாதம், முருங்கைக்கீரைப் பொரியல், தட்டைப்பயறு குழம்பு, ஆளுக்கு ஒரு முட்டை, ராகிக் களியும் உண்டு. வாசலருகே செவிலியர் எடைப்பொறியோடு உட்கார்ந்திருக்கிறார். எடை பார்ப்பவர்கள் தனியாகப் போய்ப் பார்க்கலாம், எண்ணை அவர் உங்களிடம் மட்டும் சொல்வார். முதல் பந்தியில் கர்ப்பவதிகளும் கைக்குழந்தைக்காரிகளும் உட்காருங்கள். வாலிபர் சங்கத்தாரும் நானும் பரிமாறுகிறோம். ஆண்கள் கடைசிப் பந்தி. சட்டியில் மிச்சம் இருந்தால் கிடைக்கும்.